மனக்கண்ணும் உள்நாவும்: பகுத்தறிதலில் படம் எது, சொல் எது?

மார்கழி விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போடுபவரிடம் “எத்தனை புள்ளி?” என்று கேட்டால், “ஏழு புள்ளி, நாலு வரை, இடைப்புள்ளி” என்று பதில் வரும். மொத்தம் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் தெருவில் ஒருமுறை நான் கேட்டுவைத்தேன். அந்த அம்மா கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “அதெல்லாம் யாரு எண்ணினா?” என்று சிரித்தார். பிறகு உதடு அசைய வரிசை வரிசையாகக் கூட்டினார்: நாலு, ஒன்பது, பதினைந்து, இருபத்திரண்டு, இருபத்தெட்டு, முப்பத்து மூன்று, முப்பத்தேழு. பக்கத்தில் குந்தியிருந்த மகளின் உதடு அசையவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நடுவுல ஒண்ணு, சுத்தி ஆறு, அதைச் சுத்திப் பன்னெண்டு, அப்புறம் பதினெட்டு. முப்பத்தேழுதாம்மா” என்றாள்.

தாய் சொல்லால் எண்ணினார், மகள் படத்தால் எண்ணினாள் என்று முடிவுகட்டத் தோன்றும். சற்று நின்று யோசித்தால் அந்த முடிவு கலைகிறது. தாய்க்கு வரிசைகளைப் பிரித்துக் கொடுத்தது கோலத்தின் அமைப்பு. மகள் கண்ட வளையங்கள் விடையாக மாறுவதற்கு எண்ணுப்பெயர்கள் வேண்டியிருந்தன. இருவர் சிந்தனையிலும் படம் செய்தது எது, சொல் செய்தது எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. படம், சொல் என்று இரண்டாகப் பிளப்பது கரும்பைக் கணுவில் வெட்டாமல் நடுவில் வெட்டுவது போன்றது என்பது என் வாதம். படம் என்று நாம் சொல்வதற்குள் தோற்றம் வேறு, இட அமைப்பு வேறு. சொல் என்பதற்குள்ளும் மனத்தில் ஒலிக்கும் பேச்சு வேறு, அந்தச் சொல் ஆற்றும் தருக்க வேலை வேறு. கடந்த ஐம்பது ஆண்டுச் சான்றுகளில் பெரும்பகுதி இந்த உட்பிரிவுகளைத்தான் சுட்டுகிறது.

பழைய வழக்கு

வழக்கு பழையது. சிந்தனை என்பது ஆன்மா தன்னோடு தானே நடத்தும் உரையாடல் என்று பிளேட்டோ ‘தியேட்டட்டஸ்’ நூலில் எழுதினார். சொல் ஊடுருவாத அறிவே உலகில் இல்லை என்பது வாக்கியபதீயம் எழுதிய பர்த்ருஹரியின் நிலை. இதற்கு மறுபக்கம் நின்றவர் பௌத்தத் தருக்க ஆசிரியர் திங்நாகர். காட்சி அறிவில் சொல்லுக்கு இடமில்லை. பெயரும் வகையும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்பவை என்றார் அவர். இந்த விவாதம் தமிழில் அந்நியமானதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் கற்பிக்கும் அளவையில் ‘சுட்டுணர்வு’ என்று வருவது இதுவே: பெயர், சாதி, குணம், தொழில் ஆகியவற்றை விலக்கிய தூய காட்சி.

ஐரோப்பாவில் 1880களில் இந்தச் சண்டை மறுபடி மூண்டது. சொல்லில்லாமல் சிந்தனை இல்லை என்று மாக்ஸ் முல்லர் அடித்துப் பேசினார். பிரான்சிஸ் கால்டன் அதை மறுத்தார். தமக்குச் சிந்தனை சொல்லாக வருவதில்லை, அதைச் சொல்லாக்குவதுதான் தமக்குப் பெரும்பாடு என்றார். பிறகு வந்த நடத்தையியலாளர் ஜான் வாட்சன் சிந்தனையைத் தொண்டைக்குள் அடங்கிய பேச்சு என்ற அளவுக்குச் சுருக்கினார். அதற்கு விடையாக அமைந்த 1947ஆம் ஆண்டுப் பரிசோதனை கொஞ்சம் துணிச்சலானது. மயக்க மருந்தியலாளர் ஸ்காட் ஸ்மித் கியூராரே வகை மருந்தைத் தம் உடலிலேயே செலுத்தச் செய்து, நாக்கும் தொண்டையும் உட்பட எல்லாத் தசைகளும் செயலிழந்த நிலையில் செயற்கை மூச்சில் கிடந்தார். மருந்தின் வேகம் தணிந்தபின், நடந்தவை அத்தனையும் தமக்குத் தெரிந்ததாகவும் தாம் தெளிவாகவே யோசித்துக்கொண்டிருந்ததாகவும் அறிக்கை தந்தார். தசை இயக்கமே சிந்தனை என்ற கொள்கை அத்தோடு ஏறத்தாழ முடிந்தது. உட்பேச்சுக்குத் தசை வேண்டியதில்லை என்று தெரிந்ததே தவிர, சிந்தனைக்கு உட்பேச்சு வேண்டுமா என்பது அப்படியே நின்றது.

இந்த இடத்தில் நம்மவர் ஒரு வாதத்தைக் கொண்டுவருவது உண்டு. தமிழில் எதைச் செய்து பார்த்தாலும் ‘பார்’ சேர்கிறது: சொல்லிப் பார், கேட்டுப் பார், தொட்டுப் பார், நினைத்துப் பார். ஆகவே தமிழனுக்குச் சிந்தனை என்பது காட்சி என்பார்கள். ‘எண்’ என்ற ஒரே வேர் கணக்குக்கும் நினைப்புக்கும் நிற்கிறதே, அப்போது தமிழனுக்குச் சிந்தனை கணக்கா? கேட்க இனிமையான வாதங்கள்தாம். மூளையில் நடப்பதைப் பற்றித் துணைவினை எதையும் நிறுவிவிடாது.

சாட்சிகளை எவ்வளவு நம்பலாம்?

கால்டன் 1880இல் தம் நண்பர்களிடமும் அறிவியலாளரிடமும் ஒரு வினாப்பட்டியல் கொடுத்தார். இன்று காலை உணவு மேசையை நினைவுகூருங்கள். அதன் ஒளியும் நிறமும் தெளிவும் எப்படித் தெரிகின்றன? அறிவியலாளர் பெரும்பாலோர் மனக்கண் என்பதையே வெறும் பேச்சுவழக்கு என்று நினைத்திருந்தார்கள் என்று அவர் வியந்து எழுதினார். நூறாண்டுக்கு மேலாகப் பாடநூல்கள் அதைத் திருப்பிச் சொல்லிவந்தன. 2006இல் புரூவரும் ஷோமர்-எய்கின்ஸும் கால்டன் திரட்டிய விடைகளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, அறிவியலாளருக்கும் மற்றவர்களுக்கும் இடையே அவர் சொன்ன அளவு வேறுபாடு அவற்றில் இல்லை என்று கண்டார்கள். அறிவியலாளரிடமும் மனக்காட்சி தாராளமாக இருந்திருக்கிறது.

மேதைகளின் வாக்குமூலங்களும் இந்த ரகம். பாம்பு தன் வாலைக் கவ்வும் கனவில் பென்சீன் வளையத்தைக் கண்டதாக வேதியியலாளர் கெக்குலே சொன்னது 1890இல், விருந்து மேடையில். அவருடைய ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது 1865இல். இருபத்தைந்து ஆண்டு பழைய கனவை யாரால் குறுக்கு விசாரணை செய்ய முடியும்? கணிதவியலாளர் ஜாக் ஹடமார் 1945இல் வெளியிட்ட நூலில் ஐன்ஸ்டைனின் கடிதம் ஒன்று உண்டு. தம் சிந்தனையில் சொற்களுக்குப் பங்கில்லை, அதன் கூறுகள் காட்சி வகையாகவும் ஓரளவு தசை வகையாகவும் இருக்கின்றன என்று அவர் எழுதியிருந்தார். ‘காட்சி’யை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், ‘தசை’யை விட்டுவிடுகிறார்கள். அதற்குக் கடைசியில் வருவோம்.

வாக்குமூலத்தைச் சோதனையாக மாற்றியவர் ரிச்சர்ட் ஃபைன்மன். ஒரு நிமிடத்தை மனத்துக்குள் எண்ணி அளந்து பழகியவர், எண்ணிக்கொண்டே படிக்கத் தம்மால் முடிகிறது, பேச முடியவில்லை என்று கண்டார். பிரின்ஸ்டனில் உடனிருந்த ஜான் டூகி இதை ஒப்பவில்லை. அவரால் எண்ணிக்கொண்டே சரளமாகப் பேச முடிந்தது, படிக்கத்தான் முடியவில்லை. விசாரித்தபோது விஷயம் வெளிப்பட்டது. ஃபைன்மன் மனத்துக்குள் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். டூகி எண்கள் எழுதிய நாடா ஒன்று ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே வேலை, ஒரே விடை. எது எதற்குக் குறுக்கே நிற்கிறது என்று பார்த்தபோதுதான் வேறுபாடு வெளியே வந்தது. இந்த இடையூறு முறைதான் பின்னால் ஆய்வகங்களின் முக்கியக் கருவியாயிற்று.

ரஸ்ஸல் ஹர்ல்பர்ட் வேறு வழியில் போனார். ஆய்வுக்கு இசைந்தவரின் சட்டைப்பையில் ஒரு பீப் கருவி. அது நினையாத நேரத்தில் ஒலிக்கும். அந்தக் கணத்தில் மனத்தில் என்ன இருந்தது என்று உடனே குறித்துக்கொள்ள வேண்டும். முப்பது மாணவர்களிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், உட்பேச்சு இருந்தது ஏறத்தாழ நான்கில் ஒரு கணத்தில் மட்டுமே. சிலரிடம் ஒரு தடவைகூட இல்லை. சிலரிடம் பெரும்பாலான தடவைகளில் இருந்தது. சொல்லும் இல்லாமல் படமும் இல்லாமல், ‘இன்னதைப் பற்றித்தான் யோசித்தேன்’ என்ற தெளிவு மட்டும் இருந்த கணங்களும் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையவில்லை. அவ்வகைக் கணங்களுக்குப் பேர் வைக்கவே பலர் தயங்கினார்களாம். நாள் முழுக்கத் தலைக்குள் பேசிக்கொண்டிருப்பவருக்கு மற்றவர்களும் அப்படித்தான் என்று தோன்றும். தத்துவ வாதியின் கொள்கையில் பாதி அவருடைய மனப்பழக்கமாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

தோற்றமும் இட அமைப்பும்

மனப்படத்தை அளக்கலாம் என்று காட்டியது 1971இல் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் வெளியிட்ட ஆய்வு. கனசதுரங்களை ஒட்டியதுபோன்ற இரண்டு உருவங்கள்; இரண்டும் ஒன்றா, கண்ணாடிப் பிம்பமா என்று சொல்ல வேண்டும். எட்டுப் பேர், 1,600 இணைகள். ஓர் உருவம் மற்றதிலிருந்து எத்தனை பாகை திரும்பியிருந்ததோ அதற்கு நேர்விகிதத்தில் விடை சொல்லும் நேரம் கூடியது. ஏறத்தாழ விநாடிக்கு 60 பாகை வீதம் மனத்துக்குள் எதையோ சுழற்றுவதுபோல் இருந்தது.

‘எதையோ’ என்பதுதான் சிக்கல். அது படமாகத்தான் இருக்க வேண்டுமா என்று 1973 முதல் ஸெனான் பிலிஷின் கேட்டுவந்தார். பொருள் திரும்ப நேரமாகும் என்ற அறிவு நமக்கு ஏற்கெனவே உண்டு. கற்பனை செய்யச் சொன்னால் அதற்கேற்ப நடந்துகொள்கிறோம். உள்ளே இருப்பது வாக்கியம் போன்ற விவரணையாகவும் இருக்கலாம் என்றார். ஸ்டீபன் காஸ்லின் படத்தின் பக்கம் நின்று பதிலளித்தார். இருவரும் தலைமுறைக் காலம் மோதினார்கள். அந்த விவாதத்தை இங்கு விரிக்கத் தேவையில்லை. ஏனெனில் முடிச்சு வேறோரிடத்தில் அவிழத் தொடங்கியது.

ஸ்காட்லாந்தில் ஓய்வுபெற்ற கட்டட அளவையர் ஒருவர், வயது 65. ஆய்வேடுகளில் எம்.எக்ஸ். என்று மட்டும் குறிக்கப்படுபவர். இதயக் குழாய்ச் சிகிச்சை ஒன்றுக்குப் பிறகு, அதுவரை பளிச்சென்று இருந்த மனக்காட்சி அவருக்கு அறவே அணைந்துபோயிற்று. ஆடம் ஸீமனும் உடனாய்வாளர்களும் 2010இல் அவரைப் பற்றி எழுதினார்கள். மனச் சுழற்சிச் சோதனையில் அவர் சரியாகவே விடை சொன்னார். ஆனால் பாகை கூடக் கூட நேரம் கூடும் அந்த ஒழுங்கு அவரிடம் இல்லை. வேலை நடந்தது, படம் இல்லை. பிறவியிலேயே மனக்காட்சி இல்லாதவர்கள் பலர் இதைப் படித்துவிட்டு முன்வர, 2015இல் ஸீமன் அந்நிலைக்கு அஃபேன்டேசியா என்று பெயரிட்டார். அசைவூட்டப் படங்களின் பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல் தாமும் அத்தகையவரே என்று பொதுவில் சொன்னார். திரையில் ஆயிரமாயிரம் உருவங்களை உலவவிட்டவரின் மனத்திரை வெறுமையானது.

2021இல் வில்மா பெய்ன்பிரிட்ஜ் குழுவினர் இத்தகையவர்களுக்கு ஓர் அறையின் நிழற்படத்தைக் காட்டி, பின் நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். மற்றவர்களைவிடக் குறைவான பொருள்களையே இவர்கள் வரைந்தார்கள், வண்ணமும் குறைவு. ஆனால் வரைந்த பொருள்கள் இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில் இருந்தன. அறையில் இல்லாத பொருளைத் தவறாகச் சேர்ப்பதும் இவர்களிடம் குறைவு. கட்டிலின் நிறம் போய்விட்டது; கட்டில் எங்கே கிடந்தது என்பது போகவில்லை.

இதைவிட வியப்பானது மார்க்குஸ் க்னாஃப், ஜான்சன்-லேர்ட் ஆகியோரின் 2002ஆம் ஆண்டு முடிவு. நம்மூர் வடிவில் சொல்வதானால் இப்படி: ‘கந்தனின் வேட்டி முருகனின் வேட்டியைவிட அழுக்கு, முருகனின் வேட்டி வேலனின் வேட்டியைவிட அழுக்கு, யார் வேட்டி அதிக அழுக்கு?’ இன்னொன்று: ‘தகரப்பெட்டி கூடைக்கு மேலே, கூடை பாய்க்கு மேலே, எது உச்சியில்?’ மூன்றாவது, கெட்டிக்காரத்தனத்தை ஒப்பிடுவது. மூன்றும் ஒரே தருக்கம். படத்தால் யோசிப்பது உதவும் என்றால், கண்முன் வந்து நிற்கும் அழுக்கு வேட்டிக் கணக்குத்தான் விரைவில் முடிய வேண்டும். நடந்தது நேர்மாறு. தோற்றத்தை எழுப்பும் ஒப்பீடுகளில் மக்கள் மெதுவானார்கள். மேல்–கீழ் போன்ற இட ஒப்பீடுகளில் அந்தத் தாமதம் இல்லை. பிறவிப் பார்வையற்றோரிடம் க்னாஃப் 2006இல் இதே சோதனையை நடத்தியபோது அழுக்கு–சுத்தம் அவர்களைத் தாமதப்படுத்தவே இல்லை. வேட்டியின் கறை கண்ணில் விழாதவருக்கு வரிசை மட்டும் மிஞ்சுகிறது. பகுத்தறிதலுக்கு வேண்டியதும் வரிசை மட்டுமே.

ஆக, தோற்றம் ஒன்று. எது எதற்கு மேலே, எதற்குள்ளே, எதற்கு அடுத்து என்னும் அமைப்பு மற்றொன்று. ‘படச் சிந்தனை’க்குக் கிடைத்த புகழில் பெரும்பங்கு இரண்டாவதற்குச் சேர வேண்டியது. கோலத்தில் வளையங்களைக் கண்ட சிறுமிக்கு மாவின் வெண்மை எதற்கும் உதவவில்லை.

சொல் போன பின்பு

சொல்லின் பக்கத்துக்கு வலுவான சோதனை, சொல் போனவர்களிடம் நடப்பது. ரோஸ்மேரி வார்லி குழுவினர் 2005இல் ஆராய்ந்த மூன்று ஆண்கள் மூளைச் சேதத்தால் இலக்கணத்தை அறவே இழந்தவர்கள். யார் யாரை அடித்தார் என்பது சொல்வரிசையால் மட்டுமே தெரியும் ஆங்கில வாக்கியங்கள் அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் 59–13, 13–59 இரண்டும் வேறு என்று தெரிந்து சரியாகக் கழித்தார்கள். அடைப்புக்குறிக் கணக்குகளையும் போட்டார்கள். வாக்கியத்தின் வரிசை போனது, கணக்கின் வரிசை நின்றது என்பதே அந்த ஆய்வின் வலு. தமிழில் இதே சோதனையை அப்படியே செய்ய முடியாது. ‘புலியை மனிதன் கொன்றான்’ என்றாலும் ‘மனிதன் புலியைக் கொன்றான்’ என்றாலும் செத்தது புலிதான். பாரத்தைச் சுமப்பது ஐ உருபு, வரிசை அன்று. உலக மனத்தைப் பற்றிய முடிவுகள் பல ஆங்கில வாக்கியத்தின் அமைப்பின் மேல் கட்டப்பட்டவை என்பதை நாம் மறக்கலாகாது.

மூளைப் படப்பிடிப்பும் அதே திசையில் போகிறது. 2009இல் மான்ட்டி, பார்சன்ஸ், ஓஷர்சன் ஆகியோர் தருக்க விடைகாணலின்போது இயங்கும் பகுதிகள் மொழிக்குரிய வழக்கமான பகுதிகள் அல்ல என்று காட்டினர். எவெலினா ஃபெடரென்கோவும் உடன் எழுதியோரும் 2024இல், மொழி முதன்மையாகத் தொடர்புக்கான கருவி, சிந்தனைக்கான கருவி அன்று என்று கட்டுரைத் தலைப்பிலேயே அறிவித்துவிட்டார்கள்.

இங்குதான் நான் சற்றுப் பின்வாங்குகிறேன். வார்லியின் மூவரும் பேசத் தெரிந்த காலத்தில் கணக்குக் கற்றவர்கள். சாரம் கட்டித்தான் கோபுரம் எழும்பியது. சாரத்தைப் பிரித்த பின்னும் கோபுரம் நிற்கிறது. அதனால் சாரமே வேண்டியதில்லை என்றாகாது. பிரேசிலின் பிரஹா மக்களிடம் துல்லியமான எண்ணுப்பெயர்கள் இல்லை. கண்முன் இருக்கும் நூல்கண்டுகளுக்கு நேராக ஒன்றுக்கொன்று வைக்கச் சொன்னால் சரியாக வைக்கிறார்கள்; மறைத்துவிட்டு நினைவிலிருந்து வைக்கச் சொன்னால் எண்ணிக்கை தவறுகிறது என்று மைக்கேல் ஃபிராங்க் முதலானோர் 2008இல் கண்டனர். நிகராகுவாவில் முறையான சைகைமொழியே கற்காமல், எண்களும் பணமும் புழங்கும் சமூகத்தில் வாழும் காதுகேளாத பெரியவர்களிடமும் மூன்றுக்கு மேல் துல்லியம் நழுவுகிறது என்று எலிசபெட் ஸ்பேபென் குழு 2011இல் காட்டியது. ‘ஏழு’ என்ற சொல் ஏழைக் கண்டுபிடிக்கவில்லை. ஏழை நழுவாமல் கட்டிவைக்கிறது.

கட்டிவைப்பதோடு சொல் நிற்பதில்லை, திசைதிருப்பவும் செய்யலாம் என்பதற்கு மதுரைப் பகுதியிலிருந்தே ஒரு சான்று உண்டு. எரிக் பெடர்சன் 1990களில் அங்கே தமிழ் பேசுவோரிடம் நடத்திய ஆய்வில், பொருள்களின் இருப்பைச் சொல்லச் சிலர் இடது–வலது என்றார்கள், சிலர் வடக்கு–தெற்கு என்றார்கள். நகரத்தார் முதல் வகைக்கும் நாட்டுப்புறத்தார் இரண்டாம் வகைக்கும் சாய்ந்தார்கள். வாயைத் திறக்கத் தேவையில்லாத சோதனைகளிலும் அந்தச் சாய்வு ஓரளவு தெரிந்தது. மொழி ஒன்றே, தமிழ்தான். பழகிய வழக்கு மாறுகிறது. இது சொல்லின் விளைவா, வயலும் வெட்டவெளியும் தந்த பழக்கத்தின் விளைவா என்று லியும் க்ளைட்மனும் 2002இல் இவ்வகை ஆய்வுகள் எல்லாவற்றையும் நோக்கிக் கேட்ட கேள்வி நியாயமானது. ‘வடக்காலே தள்ளி உக்காரு’ என்று வளர்ந்த என் போன்றோருக்கு, நகரத்துக் கட்டடங்களுக்குள் திசை தெரியாமல் போகும்போது வரும் சின்னப் பதற்றம் எதனால் என்று சொல்லத் தெரியவில்லை.

படத்தால் ‘இல்லை’ என்று சொல்ல முடியுமா?

மேசைமேல் பூனை இருப்பதை வரையலாம். மேசைமேல் பூனை இல்லை என்பதை எப்படி வரைவது? வெறும் மேசையை வரைந்தால், நாய் இல்லை, செம்பு இல்லை, எதுவுமில்லை என்பதெல்லாம் அதே படம்தான். ‘பூனையோ நாயோ ஒன்று இருக்கும்’ என்பதற்கும் படம் இல்லை. ‘எல்லா முக்கோணமும்’ என்பதற்கும் இல்லை. வரைந்த முக்கோணம் ஒன்று செங்கோணமாக இருக்கும் அல்லது இராது என்பது 1710இல் பார்க்லி எழுப்பிய ஆட்சேபம். ஜான் வென் 1880இல் வட்டங்களுக்குள் நிழலிட்டு ‘இங்கே ஒன்றுமில்லை’ என்றார். ஆனால் நிழல் இன்மையைப் போல் இருப்பதில்லை. அதற்கு அப்படிப் பொருள் என்று நாம் உடன்பட்டிருக்கிறோம். வட்டத்துக்குள் நுழைந்த ஒரு சொல்தான் அது. மறுப்பு, மாற்று, பொதுமை ஆகிய மூன்றும் வேண்டும்போது சொல்லோ சொல் போன்ற குறியோ வந்தே தீர வேண்டியிருக்கிறது. இங்கே வேண்டுவது மனத்துள் ஒலிக்கும் பேச்சன்று, அந்தக் குறியின் வேலை.

இதை முப்பத்தேழிலேயே பார்க்கலாம். நான்கு அடுக்கு நீளம், அகலம், உயரமாக 64 சிறு கனங்களை ஒட்டிய பெரிய கனசதுரம் ஒன்றை மூலைக்கு நேராகப் பாருங்கள். மூன்று முகங்கள் தெரியும். அம்முகங்களில் உள்ள சிறு கனங்கள் எத்தனை? மறைந்திருப்பவை மூன்றடுக்குக் கனசதுரம், அதாவது 27. 64இல் 27 போக 37. மூலைக்கனம் நடுப்புள்ளி, அதைச் சுற்றி ஆறு, பிறகு பன்னிரண்டு, பதினெட்டு. வாசலில் கிடந்த கோலமும் மூலையிலிருந்து பார்த்த கனசதுரமும் ஒரே ஒழுங்கு. இதை எந்த வாக்கியமும் எனக்குக் காட்டியிராது. வரைந்த தாளைச் சாய்த்துப் பார்த்தபோது சட்டென்று விழுந்தது. ஆனால் ‘13 புள்ளி, 7 வரை’ கோலத்துக்கும் இது பொருந்துமா? அந்தப் படம் பேசுவது நான்கடுக்கைப் பற்றி மட்டும். எந்த எண்ணை எடுத்தாலும் அதன் கனத்திலிருந்து ஒன்று குறைந்த எண்ணின் கனத்தைக் கழிக்கலாம் என்று சொல்ல, ‘எந்த’ என்ற சொல் வேண்டும். 343இல் 216 போக 127. பிறகு புள்ளிகளை எண்ணிச் சரிபார்த்தேன், 127தான்.

படம் ஏமாற்றியதற்கும் சான்று உண்டு. நான்கு வண்ணங்கள் போதும், எந்த வரைபடத்தையும் அடுத்தடுத்த நாடுகள் ஒரே நிறமாகாமல் தீட்டலாம் என்று ஆல்ஃபிரட் கெம்ப் 1879இல் நிறுவியதாக அறிவித்தார். இரண்டு நிறச் சங்கிலிகளை ஒரே சமயத்தில் மாற்றலாம் என்பது அவர் படத்தில் இயல்பாகத் தெரிந்தது. அவை ஒன்றையொன்று குறுக்கிடும் வரைபடம் ஒன்றைப் பெர்சி ஹீவுட் 1890இல் எடுத்துக்காட்டும்வரை, பதினோர் ஆண்டுகள், பிழை யார் கண்ணிலும் படவில்லை. பார்த்த படத்தில் பிழை இல்லை. பார்க்காத படத்தில் இருந்தது.

தரையில் விழுந்த பிறகு

மனப்படத்துக்கும் வெளிப்படத்துக்கும் இருக்கும் இடைவெளியை டெபோரா சேம்பர்ஸும் டேனியல் ரைஸ்பெர்க்கும் 1985இல் எளிதாகக் காட்டினர். ஒரு பக்கம் வாத்தாகவும் மறுபக்கம் முயலாகவும் தெரியும் பழைய படத்தைச் சிறிது நேரம் காட்டி மறைத்தார்கள். பிறகு மனப்படத்தைப் பார்த்து அதில் இன்னொரு பிராணி தெரிகிறதா என்று கேட்டார்கள். பதினைந்து பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதே மனப்படத்தைத் தாளில் வரையச் சொன்னார்கள். வரைந்ததும் பதினைந்து பேருக்கும் தெரிந்தது. பின்வந்த ஆய்வுகளில் சிறு குறிப்புகள் கொடுத்தபோது மனப்படத்திலும் சிலர் கண்டுகொண்டார்கள். எனினும் வேறுபாடு பெரிது. மனப்படம் ‘வாத்து’ என்ற பெயரோடு உள்ளே போகிறது. தாளில் விழுந்ததும் பெயர் கழன்றுவிடுகிறது. திங்நாகர் கேட்டிருந்தால் புன்னகைத்திருப்பார்.

கோலம் தாளிலிருந்து குறிக்குப் போன கதை வேறு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில், கோலங்களை விதிகளால் உண்டாக்கும் இலக்கணங்களை வகுத்தார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஒரே குடும்பத்துக் கோலங்கள் பெரிதாகிக்கொண்டே போகும். ‘ஏழு புள்ளி, நாலு வரை’ என்று வாசலில் சொல்லப்படுவதும் அத்தகைய விதியே. நாலு சொல்லில் முப்பத்தேழு புள்ளி அடங்கிக் கிடக்கிறது.

படம், சொல் என்று இரண்டாகப் பிளக்கும் பழக்கம் பள்ளிக்கூடத்திலும் உண்டு. ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் ‘காட்சி வழிக் கற்போர், கேள்வி வழிக் கற்போர்’ என்று பிள்ளைகளைப் பிரிப்பது இன்றும் ஓயவில்லை. அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று பேஷ்லர் முதலிய நால்வர் 2008இலேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள்.

விரல்

ஐன்ஸ்டைனின் ‘தசை’க்கு வருகிறேன். தமிழகத்துச் சிற்றூர்களில்கூட இன்று அபாகஸ் வகுப்பு இருக்கிறது. நான் போய் உட்கார்ந்த ஒரு வகுப்பில் மணிச்சட்டங்கள் மூடிவைக்கப்பட்டிருந்தன. ஆசிரியை இரண்டிலக்க எண்களை மூச்சுவிடாமல் வாசிக்க, ஒன்பது வயதுப் பையன் ஒருவன் சுவரைப் பார்த்தபடி, தொடையின் மேல் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துடிதுடிக்க, இல்லாத மணிகளைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

ஜப்பானில் கியோ ஹட்டானோ 1970களிலிருந்து இத்தகைய திறனாளரை ஆராய்ந்தார். அவர்களுடைய இலக்க நினைவு அபாரமானது, எழுத்துகளை நினைவில் வைப்பதில் அவர்கள் நம்மைப் போலத்தான். ஃபிராங்கும் டேவிட் பார்னரும் குஜராத்தின் வடோதராவில் குழந்தைகளிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கிடும்போதே வேறு பேச்சைத் திருப்பிச் சொல்லவைத்தாலும் அவர்கள் பெரிதாகத் தடுமாறவில்லை. பயிற்சியற்ற பெரியவர்கள் தடுமாறினார்கள். மூன்று நான்கு கம்பிகளுக்கு மேல் மனச்சட்டம் நீளவில்லை. கண்ணின் நினைவு தாங்கும் அளவும் அதுதான். அப்படியானால் இது படம் என்று எழுதிவிடலாமா? பிந்தைய ஆய்வொன்றில் குழந்தைகளின் கைகளை அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தார்கள். விடைக்குப் பெரிய பாதிப்பில்லை. அதே கைகளுக்கு வேறொரு வேலை கொடுத்தபோது கணக்கு குலைந்தது.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பையனிடம், மணி கண்ணுக்குத் தெரியுதா, எண்ணு காதுல கேக்குதா என்று கேட்டேன். இரண்டுக்கும் உதட்டைப் பிதுக்கினான். கையைக் கட்டிக்கொண்டு ஒரு கணக்குப் போடேன் என்றதும் கட்டிக்கொண்டான். நாலாவது எண்ணில் நின்றுவிட்டு, “இது சும்மா இருந்தா வராது சார்” என்று விரலை நீட்டிக் காட்டினான்.